கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள்: பேஸ்பால் பந்து அசலா போலியா என்று சோதிக்க ஒரு முழு வழிகாட்டி

நியூ ஜெர்சியில் எங்கள் பையன் படித்த பள்ளிக்கு நிதி திரட்ட ஒரு ஏலம் வைத்தார்கள். பொருள்களை மேசையில் பரப்பியிருப்பார்கள்; பக்கத்தில் உள்ள தாளில் பெயரையும் தொகையையும் எழுதிவிட்டு வர வேண்டும். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பந்து இருந்தது. பழம்பெரும் வீரர் ராபர்ட்டோ கிளெமென்டே கையெழுத்து. அடியில் பித்தளைத் தகடு, கூடவே தங்க நிற ஓரம் வைத்த சான்றிதழ். 425 டாலருக்கு எனக்கு விழுந்தது. எட்டு மாதம் வரவேற்பறையில் வைத்து, வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டினேன்.

பிறகு ஒரு கண்காட்சிக்கு அதை எடுத்துப்போனேன். எழுபதைத் தாண்டிய ஒரு சேகரிப்பாளர் பந்தைக் கையில் வாங்கினார். கையெழுத்துப் பக்கம் அவர் கண் போகவே இல்லை. பந்தைத் திருப்பி, தோலில் இருந்த அச்சைப் படித்தார். பத்து விநாடி இருக்கும். “ராலிங்ஸ்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். கிளெமென்டே 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தில் சிக்கிய நிகராகுவாவுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் போட்டிகள் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்று இரண்டு பிரிவு; கிளெமென்டே ஆடியது நேஷனல் லீக்கில். அந்த லீக்கின் அதிகாரப்பூர்வப் பந்தை ராலிங்ஸ் நிறுவனம் செய்யத் தொடங்கியது 1977-இல். அதற்கு முன்பு ஸ்பால்டிங். அதாவது, அந்தப் பந்து பிறப்பதற்கு நாலு வருடம் முன்பே கையெழுத்துப் போட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பிறகு நான் பந்துகளைப் பார்க்கும் வரிசையே மாறிவிட்டது. நம் கண் நேரே கையெழுத்துக்குத்தான் போகும். போலி செய்கிறவனும் தன் திறமை முழுவதையும் அங்கேதான் கொட்டுகிறான். அவன் கவனிக்காமல் விட்ட இடங்களிலிருந்து தொடங்கினால் வேலை சுலபம். கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

படி 1: எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள், ஆனால் கதையில் மயங்காதீர்கள்

யார் வாங்கினார், எந்த வருடம், எந்த ஊரில், அவர் கையிலிருந்து இவர் கைக்கு எப்படி வந்தது? இந்தக் கேள்விகளுக்கு ரசீது, அந்த நாளில் எடுத்த படம், கடித உறை என்று ஏதாவது ஒன்று பதிலாக வர வேண்டும். “எங்கள் தாத்தா யாங்கீஸ் மைதானத்தில் வேலை பார்த்தார்” என்பது கதை. தாத்தாவின் சம்பளச் சீட்டு இருந்தால் ஆதாரம்.

பெரிய இடத்திலிருந்து வந்தது என்பதற்காகவும் நம்பிவிட வேண்டாம். பேரி ஹால்பர் என்ற புகழ்பெற்ற சேகரிப்பாளரிடமிருந்து வந்த ஒரு சட்டை, 1919-இல் ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன் என்ற வீரர் போட்டது என்று கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் அருங்காட்சியகமான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போய்ச் சேர்ந்தது. அதைச் சோதித்ததில், 1941-க்கு முன்பு இல்லாத பொருள் அதில் கலந்திருந்தது தெரிந்து, 2010-இல் அந்த அருங்காட்சியகமே அது அசல் அல்ல என்று சொன்னது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் பள்ளி ஏலக் குழுவை எப்படிக் குறை சொல்வது? அவர்களும் யாரோ ஒரு விற்பனையாளரை நம்பித்தான் பொருளை வைத்திருந்தார்கள். நன்கொடை ஏலங்களில் இது ரொம்ப சகஜம். விற்பவர் ஒரு அடிப்படை விலை வைப்பார், அதற்கு மேல் வருவது அமைப்புக்கு. நல்ல காரியத்துக்குக் கொடுக்கும் பணம் என்பதால் வாங்குகிறவர் துருவிக் கேட்க மாட்டார்.

எந்த அளவில் இது நடக்கிறது என்று தெரிய, ‘ஆபரேஷன் புல்பென்’ வழக்கு ஒன்று போதும். எஃப்.பி.ஐ-யின் சான் டியேகோ அலுவலகம் 1990-களில் எடுத்த விசாரணை அது. 1999 அக்டோபரில் சோதனை நடத்தியபோது, கிரெக் மரினோ என்ற ஒருவரின் கையிலிருந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்துகள் புறப்பட்டிருந்தது வெளியே வந்தது. பேப் ரூத், மிக்கி மேன்டில் என்று கேட்ட பெயரில் எல்லாம் சரக்கு. உச்சம் என்னவென்றால், அன்னை தெரசா கையெழுத்துப் போட்ட பேஸ்பால் பந்தும் கிடைத்தது. கல்கத்தாவில் அவருக்குப் பந்தை நீட்டியது யார் என்று வாங்கின யாரும் யோசிக்கவில்லை போலும். அதிகம் தேடப்படுகிற பிரபலங்களின் கையெழுத்துகளில் பாதிக்கு மேல் போலி என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களே சொன்ன கணக்கு என்று எஃப்.பி.ஐ பதிவு செய்திருக்கிறது.

ஒரே விற்பனையாளரிடம் ரூத், கெரிக், காப், கிளெமென்டே என்று மறைந்த பெரிய வீரர்களின் கையெழுத்து வற்றாமல் வந்துகொண்டே இருந்தால், அவர் கிணற்றில் ஊற்று எங்கே என்று யோசியுங்கள்.

படி 2: பந்தைப் படியுங்கள்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும். நல்ல வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி, கையில் பருத்திக் கையுறை. வேறு எதுவும் தேவையில்லை.

2000-க்கு முன்பு இரண்டு லீக்குகளுக்கும் தனித்தனிப் பந்து. ஒவ்வொன்றிலும் அந்த லீக் தலைவரின் பெயர் கையெழுத்து வடிவில் அச்சாகியிருக்கும். அந்தப் பெயர்தான் பந்தின் பிறப்புச் சான்றிதழ்.

அமெரிக்கன் லீக்: பான் ஜான்சன் 1927 வரை, எர்னஸ்ட் பார்னார்ட் 1931 வரை, வில்லியம் ஹாரிட்ஜ் 1931 முதல் 1959 வரை, ஜோ குரோனின் 1973 வரை, லீ மெக்ஃபெயில் 1974 முதல் 1983 வரை, பாபி பிரவுன் 1994 வரை, ஜீன் புடிக் 1999 வரை.

நேஷனல் லீக்: ஜான் ஹெய்ட்லர் 1934 வரை, ஃபோர்ட் ஃபிரிக் 1951 வரை, வாரன் கைல்ஸ் 1969 வரை, சப் ஃபீனி 1970 முதல் 1986 வரை, பார்ட் ஜியமாட்டி 1989 வரை, பில் வைட் 1994 வரை, லெனர்ட் கோல்மன் 1999 வரை.

2000 முதல் இரண்டு லீக்குக்கும் ஒரே பந்து. அதில் இரண்டு லீக்குக்கும் மேலே உள்ள பேஸ்பால் ஆணையர் செலிக் பெயர் வரும். 2015 முதல் ராப் மேன்ஃப்ரெட்.

இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் வீரர்கள் இறந்த தேதிகளை எழுதுங்கள்: கெரிக் 1941 ஜூன் 2, ரூத் 1948 ஆகஸ்ட் 16, டை காப் 1961 ஜூலை 17, மேன்டில் 1995 ஆகஸ்ட் 13, டிமாஜியோ 1999 மார்ச் 8, டெட் வில்லியம்ஸ் 2002 ஜூலை 5. இனி விளையாட்டு மாதிரிதான். குரோனின் பந்தில் ரூத் இருந்தால் பந்தைக் கீழே வைத்துவிடலாம். செலிக் பந்தில் மேன்டிலோ டிமாஜியோவோ இருந்தாலும் அப்படியே. எர்னி பேங்க்ஸ் இறந்தது 2015 ஜனவரி 23. மேன்ஃப்ரெட் பதவியேற்றது ஜனவரி 25. மேன்ஃப்ரெட் பெயர் அச்சிட்ட பந்தில் பேங்க்ஸ் கையெழுத்து இருக்க வழியே இல்லை.

ஆனால் தலைவர் பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. என் பந்தில் நான் ஏமாந்தது அங்கேதான். அதில் ‘சார்ல்ஸ் எஸ். ஃபீனி’ என்று இருந்தது (சப் என்பது செல்லப் பெயர், பந்தில் வராது). ஃபீனி 1970-இல் தலைவரானார், கிளெமென்டே 1972 வரை இருந்தார், கணக்குச் சரியாகத்தானே வருகிறது? வருகிறது. ஆனால் ஃபீனி 1986 வரை பதவியில் இருந்தார். அந்தப் பதினாறு வருடத்துக்குள் ஸ்பால்டிங் ஃபீனி, ராலிங்ஸ் ஃபீனி என்று இரண்டு உண்டு. கிளெமென்டேக்கு ஸ்பால்டிங் ஃபீனிதான் பொருந்தும். அதிலும் இன்னொரு வடிகட்டி இருக்கிறது: 1974-இல் பந்தின் உறை குதிரைத் தோலிலிருந்து மாட்டுத் தோலுக்கு மாறியது. கிளெமென்டே தொட்டிருக்கக்கூடிய லீக் பந்து குதிரைத் தோல்தான்.

ராலிங்ஸ் பந்து என்றால் எந்த நாட்டில் செய்தது என்ற அச்சையும் பாருங்கள். முதலில் ஹைட்டியில் செய்தார்கள், பிறகு கோஸ்டாரிகாவுக்கு மாறினார்கள். உலகத் தொடர், ஆண்டு விழா என்று சின்னம் போட்ட பந்துகளில் வருடமே அச்சாகியிருக்கும். அது இன்னும் சுலபம்.

அச்சு தேய்ந்து படிக்க முடியவில்லையா? கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்து, லீக் முத்திரை மட்டும் ‘தற்செயலாக’ அழிந்திருந்தால் எனக்கு உடனே மூக்கு வியர்க்கும்.

குழுப் பந்து என்றால், அதாவது ஒரு அணியே கையெழுத்துப் போட்டது என்றால், பெயர்களை எல்லாம் எழுதி அந்த வருட அணிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அடுத்த வருடம்தான் அணிக்கு வந்த ஒருவர் உள்ளே இருந்தால் காரணம் தேட வேண்டும்.

படி 3: மை

அமெரிக்கக் கடைகளில் பால்பாயிண்ட் பேனா விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். கெரிக் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். ரூத்துக்கு அதன் பிறகு மூன்று வருடத்துக்கும் குறைவான காலமே இருந்தது. பால்பாயிண்ட் ரூத் வந்தால் நடக்காதது என்று சொல்ல முடியாது, ஆனால் இரட்டிப்புச் சந்தேகம் வேண்டும். ஷார்ப்பி மார்க்கர் வந்தது 1964-இல். அதில் டை காப் கையெழுத்துப் போட்டிருந்தால், மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து போட்டிருக்க வேண்டும். காப் பச்சை மையில் எழுதப் பிரியப்பட்டவர் என்பது ஊரறிந்த சேதி. அதனாலேயே பச்சை மையைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போலி செய்கிறவனுக்கும் பச்சை மை கடையில் கிடைக்கும்.

அடுத்தது மை தோலோடு எப்படி உறவாடுகிறது என்பது. அறை விளக்கை அணைத்து, கைவிளக்கைப் பந்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். பால்பாயிண்ட் முனை தோலில் மெல்லிய பள்ளம் விட்டிருக்கும். பழைய பந்தின் மேல்தோலில் முடியளவு வெடிப்புகள் ஓடும். கையெழுத்து பழையது என்றால், தோல் வெடித்தபோது மைக்கோடும் சேர்ந்து உடைந்திருக்கும். வெடிப்புக்குள் வெறும் தோல் தெரியும். பழைய பந்தில் புதிதாக எழுதினால் மை அந்த வெடிப்புக்குள் இறங்கி, கோட்டின் இரு பக்கமும் சின்னச் சின்ன வேர் மாதிரிப் பரவியிருக்கும். பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது.

பழுப்பு நிறத்தையும் பழமையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்தில் கையெழுத்தைக் காப்பாற்ற ஷெல்லாக் என்ற பிசின் மெருகைப் பூசுவார்கள். அது நாளாக நாளாகத் தேன் நிறமாகும். இப்போது பந்தைப் பழசாகக் காட்டவும் அதையே பூசுகிறார்கள். கையெழுத்துப் போட்ட புகைப்படம் அல்லது அட்டை என்றால் புற ஊதா விளக்கு உதவும்: 1950-வாக்கில் காகிதத்தில் வெளுப்பூட்டிகள் சேர்க்கத் தொடங்கினார்கள், அவை அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். 1930-இல் போட்டதாகச் சொல்லும் அட்டை ஒளிர்ந்தால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

படி 4: இப்போது கையெழுத்து

மேலே சொன்னதில் எல்லாம் தேறியிருந்தால்தான் இங்கே வர வேண்டும்.

தன் பெயரை ஒருவன் எழுதுகிறான், இன்னொருவன் பெயரை ஒருவன் வரைகிறான். வேறுபாடு வேகத்தில் தெரியும். வேகமாக எழுதும் கை தோலைத் தொடும் முன்பே நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் கோட்டின் ஆரம்பமும் முடிவும் ஊசி மாதிரி கூராகும். வரைகிற கை முதலில் பேனாவை ஊன்றும். ஆரம்பத்தில் ஒரு மைப்புள்ளி, முடிவில் இன்னொன்று. வளைவுகளில் நடுக்கம், நடுவில் காரணமில்லாமல் பேனாவைத் தூக்கி மறுபடி வைத்த தடம், ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே அழுத்தம் ஆகியவற்றையும் தேடுங்கள். ஆனால் நடுக்கம் இருந்தாலே போலி என்று முடிவுகட்டவும் முடியாது. உருண்டையான பொருளில் எழுதுவது யாருக்கும் சிரமம், வயதானவர் கை நடுங்கத்தான் செய்யும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே பத்தாண்டைச் சேர்ந்த, ஐயமில்லாத நாலைந்து மாதிரிகளை எடுங்கள். கையெழுத்து ஆயுளோடு மாறும். ரூத் 1920-களில் ‘பேப்’ என்பதை மேற்கோள் குறிக்குள் போடுவார், பின்னாளில் விட்டுவிட்டார். மேன்டிலின் 1950-களின் கையெழுத்தும், 1980-களில் கண்காட்சி மேசையில் உட்கார்ந்து போட்டதும் இரண்டு ஆள் போட்டது போல இருக்கும். 1956 என்று சொல்லிக் காட்டும் பந்தில் 1980-களின் மேன்டில் இருந்தால், கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும் கதை பொய். இன்னொன்று: ஒரே ஆளின் இரண்டு கையெழுத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தக் கூடாது. பொருந்தினால் ஒன்றைப் பார்த்து நகலெடுத்திருக்கிறார்கள், அல்லது இயந்திரம் போட்டது.

மோசடி எண்ணமே இல்லாமல் பிறந்த போலிகளும் உண்டு. வீரர்களுக்கு மூட்டை மூட்டையாகப் பந்து வரும். உடைமாற்றும் அறை ஊழியரோ பந்து பொறுக்கும் பையனோ அவர்கள் பெயரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். பந்து அந்தக் காலத்தது, மை அந்தக் காலத்தது, கொடுத்த இடமும் அணியின் அறைதான், கை மட்டும் வேறு. எல்லாப் படியிலும் தேறி இங்கே மட்டும் தோற்கிற ரகம் இது. ஜோ ஜாக்சனுக்கு எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாது. அவர் பெயரில் மனைவி கேட்டி போட்ட கையெழுத்துகளே அதிகம். நினைவுப் பரிசுக் கடைகளில் விற்ற, மொத்த அணியின் கையெழுத்தையும் அச்சடித்த பந்தைச் சிலர் அசல் என்று நம்பி வைத்திருப்பார்கள். பூதக்கண்ணாடியில் எல்லாப் பெயரும் ஒரே மை, ஒரே கனம், பள்ளமே இருக்காது.

படி 5: சான்றிதழும் ஹோலோகிராமும்

என் தங்க ஓரச் சான்றிதழில் இருந்தது இவ்வளவுதான்: இது அசல் என்று உறுதி கூறுகிறோம், கீழே ஒரு கிறுக்கல். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் அரை மணி நேரத்தில் நூறு அடித்துத் தருவார்கள். கலிபோர்னியா சட்டம் விற்பனையாளரிடம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் ஒரு நல்ல சான்றிதழ் எப்படி இருக்க வேண்டும் என்று புரியும்: என்ன பொருள், யார் கையெழுத்து, விற்பவர் தரும் உத்தரவாதம், கையெழுத்து அவர் கண்முன் போடப்பட்டதா, அப்படியானால் எந்தத் தேதி, எந்த இடம், யார் சாட்சி.

இரண்டு லீக்குகளையும் நடத்தும் மேஜர் லீக் பேஸ்பால் (எம்.எல்.பி) அமைப்பு 2001-இல் தொடங்கிய சான்றளிப்புத் திட்டம்தான் இருப்பதில் பலமானது. தன் பெயரில் போலிகள் விற்பதைப் பார்த்து வீரர் டோனி க்வின் எழுப்பிய புகாரும், புல்பென் வழக்கும் அதற்குத் தூண்டுதல். பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற காவல்துறையினர் நேரில் பார்த்த பிறகே ஹோலோகிராம், அதாவது வெளிச்சத்தில் மின்னும் எண் போட்ட ஒட்டு முத்திரை, ஒட்டுவார்கள். அதில் உள்ள எண்ணை எம்.எல்.பி தளத்தில் போட்டால் விவரம் வரும். அந்த விவரத்தை முழுதாகப் படியுங்கள். ‘ஆட்டத்தில் பயன்படுத்திய பந்து’ என்று மட்டும் இருந்தால் அது பந்துக்கான சான்று. பிறகு யாரோ அதில் கையெழுத்தைச் சேர்த்திருந்தால் அதற்கு அந்த ஹோலோகிராம் பொறுப்பேற்காது. இந்த ஓட்டையில் விழுந்தவர்கள் நிறைய.

2001-க்கு முந்திய பொருளுக்கு கையெழுத்துகளைச் சோதித்துச் சொல்லும் பி.எஸ்.ஏ, ஜே.எஸ்.ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்கள்தான். அவர்கள் தருவது நிபுணர் கருத்து. வீரர் எவ்வளவு பெரியவரோ கட்டணமும் அவ்வளவு. மலிவான பந்துக்கு இது கட்டுப்படியாகாது. ரூத், கிளெமென்டே என்றால் பணம் கொடுக்கும் முன்பே விற்பவரை அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். சான்று ஏற்கெனவே இருந்தால் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். விற்பவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். தளத்தில் படம் இருந்தால் தையலின் போக்கு, கறை, எழுத்து தையலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை உங்கள் பந்தோடு ஒப்பிடுங்கள். ஹோலோகிராமையே போலியாக அடிக்கிறார்கள். 2025 ஜூலையில் இந்தியானா மாநிலத்தில் வெளியான ஒரு விற்பனையாளரின் வாக்குமூலம், போலி ஹோலோகிராம் ஒட்டிப் பல லட்சம் பொருள்களை விற்றதாகச் சொன்னது.

படி 6: ஏற்கெனவே ஏமாந்திருந்தால்

பொருளைத் தொடாமல் முதலில் படம் எடுங்கள். விளம்பரம், ரசீது, சான்றிதழ், விற்பவரோடு நடந்த உரையாடல் எல்லாவற்றையும் சேமியுங்கள். எழுத்து மூலமாகப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். குரலை உயர்த்தாமல், அச்சு, வருடம், இறந்த தேதி என்று உண்மையை மட்டும் வையுங்கள். கடன் அட்டையில் கொடுத்திருந்தால் வங்கியிடம் முறையிடுங்கள், அதற்குக் கெடு உண்டு. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கியது என்றால் எஃப்.பி.ஐ-யின் இணையக் குற்றப் புகார் மையத்திலும், தபாலில் வந்தது என்றால் தபால் துறைப் புலனாய்வுப் பிரிவிலும் பதியலாம்.

எனக்கு எட்டு மாதம் கழிந்துவிட்டிருந்தது. ஏலக் குழுவினர் பதறிப்போய் அந்த விற்பனையாளரை அழைத்தார்கள். எண் உபயோகத்தில் இல்லை. அடுத்த ஏலத்தில் விளையாட்டுப் பொருளே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பணம் பணம்தான், போனது போனதுதான்.

பந்தை யாருக்காவது விற்றுத் தலைமுழுக நினைக்காதீர்கள். தெரிந்தே விற்றால் நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிடுவீர்கள். சும்மா கொடுத்தாலும் அது சுற்றிச் சுற்றி இன்னொரு ஏல மேசைக்குத்தான் போகும். நான் கறுப்பு மார்க்கரை எடுத்து, கிளெமென்டே பெயருக்குப் பக்கத்துப் பகுதியில் தமிழில் ‘போலி’ என்று பெரிதாக எழுதிவிட்டேன். இப்போது அது பையனின் பயிற்சிப் பையில் கிடக்கிறது. ராலிங்ஸ் பந்து, எறிந்து பிடிக்க அருமையாக இருக்கிறது என்கிறான்.